இஸ்தோப்புத் தரைக்கு ஒரு ஸ்டாண்டு

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் காம்பிராவுக்கு முன்னால் திண்ணையாக இருக்கும் இஸ்தோப்பின் தரை, சாக்கடைக் கானை நோக்கிச் சரிந்திருக்கும். கழுவிவிட்ட தண்ணீர் தானாக ஓடட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படிப் போட்டிருக்கிறார்கள். அதிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது சரிவாகவே தெரியாது. நாற்காலியின் முன்காலுக்குக் கீழே ஒரு சீமெந்துத் துண்டைச் செருகிவிட்டு உட்காருவோம்.

போன மழைக்காலத்தில் அங்கேதான் என் கிரைண்டருக்கு ஸ்டாண்டு செய்தேன். இரண்டு பக்கமும் சாணைக்கல் சுழலும் மோட்டார் அது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. தரையில் குந்திக்கொண்டே தீட்டியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மோட்டாரும் சும்மா இருக்காது. போட்டவுடன் தவளை மாதிரித் துள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகும்.

மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். தோட்டத்தில் தனிவீடு கட்ட எங்களுக்குக் கொடுத்த காணியில் அத்திவாரம் மட்டும் நிற்கிறது. வீட்டை முடிக்கத்தான் போனாள். அந்த வாரம் போனில், "இன்னொரு எக்ரிமென்ட் போட்டுட்டேங்க, முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றாள். "சரி, இரு" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரே ஒரு ஆளுக்குச் சோறாக்குவதைப் போல அலுப்பான வேலை உலகத்திலேயே கிடையாது. அடுப்பைப் பற்ற வைக்காமல், பின்பக்கம் கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டின் ஆங்கிள் இரும்பை இழுத்து வந்து போட்டேன்.

வெல்டிங் வைத்தால் லயம் முழுவதற்கும் கரண்ட் போய்விடும். அத்தனை வீட்டுக்காரரும் என் பரம்பரையையே இழுப்பார்கள். அதனால் துளை போட்டு, நட்டு போல்ட்டில் பூட்டினேன். மேலே கனமான தகடு. அதில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடியது. சுவர்ப் பக்கத்துக் கால் இரண்டையும் அறுத்துக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் அறுத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. சொல்ல வேறு ஆளில்லாததால் நானே எனக்கு "அடி சக்கை" என்று சொல்லிக்கொண்டேன்.

பின்னேரம் அவள் வீடியோவில் வந்தாள். மோட்டாரைப் போட்டுக் காட்டினேன். ஸ்டாண்டு அசையவில்லை.

"நல்லாதான் இருக்கு. ஏங்க, போனைக் கொஞ்சம் கீழ காட்டுங்க."

காட்டினேன்.

"பின்காலு ரெண்டும் ஏன் கட்டையா இருக்கு?"

"தரை சரிவுதானே புள்ள. மட்டம் பாத்து வெட்டினேன்."



"புது வீட்டுல தரை மட்டமாதானே போடுவாங்க? இது அங்க எப்படிங்க நிக்கும்?"

குனிந்து அந்தக் கட்டைக் கால்களைப் பார்த்தேன்.

"நான் வருவேன்னு நீங்க நம்பவே இல்லல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எகிறியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

சத்தியமாக அப்படி நினைத்து நான் அறுக்கவில்லை. தரையைப் பார்த்து அறுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அத்தனை நேரம் அறுத்ததில் ஒரு தடவைகூட அந்த வீடு என் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுதான் வலித்தது.

மறுநாள் பஸ் ஏறிப் பொகவந்தலாவைக்குப் போய் நீளமான போல்ட்டுகள் வாங்கி வந்தேன். நான்கு கால்களையும் ஒரே அளவாக அறுத்து, அடியில் துளையிட்ட தகடு பூட்டி, அதில் நட்டோடு போல்ட்டை இறக்கினேன். இந்தத் தரைக்காக முன்பக்கத்துப் போல்ட் இரண்டையும் நீளமாக இறக்கி வைத்திருக்கிறேன். மட்டமான தரைக்குப் போனால் மேலே ஏற்றிவிடலாம். அவளிடமும் காட்டினேன். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இங்கே பனி ஈரத்துக்கு எந்த இரும்பும் தாங்காது. துரு ஏறினால் போல்ட் பிறகு அசையாது. அதனால் தீட்டக் கத்தி வந்தாலும் வராவிட்டாலும் எண்ணெய் விடுகிறேன். இப்போதெல்லாம் அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "போல்ட்டு திரும்புதாங்க?" என்றுதான் கேட்கிறாள்.

"கையாலயே திரும்புது புள்ள" என்பேன். போனை வைத்த பிறகு, போய் ஒரு தடவை திருகிப் பார்த்துக்கொள்வேன்.