மூன்று நாள் சாப்பாட்டுத் தாள்

சிவகலாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் சுவிஸின் இந்தக் கூர் நகரத்தில் கண்டதில்லை. பதினைந்து வருடமாக நம் ஆட்களுக்கு ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் ஜெர்மன் மொழிபெயர்க்கிறேன். அழுகிறவர்கள், பொய் சொல்கிறவர்கள், டாக்டரையே அதட்டுகிறவர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. இவள் அதட்டமாட்டாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தான் நினைத்ததையே செய்வாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. கணவன் குகதாசன் பஸ் கழுவுகிற இடத்தில். கலியாணம் முடித்துப் பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லை. ஊசி, மாத்திரை, சூரிச்சில் ஒரு பெரிய டாக்டர் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகும் கந்தசஷ்டி விரதத்தை மட்டும் அவள் விடவில்லை. ஐப்பசியில் ஆறு நாள். பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும், கடைசி நாள் அதுவும் கிடையாது. 2013இல், நாற்பதாவது வயதில், வயிற்றில் பிள்ளை தங்கியது. முருகன் தந்தது என்றாள். சூரிச் டாக்டருக்கும் கொஞ்சம் பங்கு கொடு என்று நான் பகிடி பண்ணினேன், சிரிக்கவில்லை.

கோடையில், பரிசோதனைக்குப் போன இடத்தில், ஒரு ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். தாய் சாப்பிடுவதற்கும் பிறந்த பிள்ளையின் குடலில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அந்த உயிர்கள்தான் பால் செமிக்க உதவுமாம், நோயையும் மறிக்குமாம். தாய் முப்பதாவது கிழமையில், ஏழு மாதம் ஆகும்போது, மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். பிள்ளை பிறந்ததும் அதன் முதல் மலத்தை எடுத்து வைப்பார்கள்.

"பீயையுமோ அக்கா ஆராயினம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி, பிள்ளைக்குப் பிறக்க முதலே வேலை கிடைச்சிட்டுது" என்று கையெழுத்துப் போட்டாள்.

முப்பதாவது கிழமை சரியாகச் சஷ்டிக்குள் வந்து விழுந்தது. தாளை ஜெர்மனில் எழுதிக் கொடுக்க ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. தாளில் ஒரு எழுத்தும் இல்லை.

"என்ன பிள்ளை இது?"

"விரதமக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏழு மாச வயித்தோடையோ? நாள் முழுக்கக் கிழடுகளுக்கு உருளைக்கிழங்கு பொரிச்சுக் குடுத்திட்டு நீ பட்டினியோ? மருத்துவிச்சிக்குச் சொன்னியோ?"

"சொன்னா விடுவினமோ? இவ்வளவு வருசமும் கேக்கேக்கை பிடிச்ச விரதத்தை, தந்தாப் பிறகு விடுறதோ? குடுத்ததை அவர் திருப்பி எடுத்திட்டாரெண்டா?"

அதற்குமேல் அவளோடு கதைப்பதும் சுவரோடு கதைப்பதும் ஒன்றுதான்.

"அப்ப இதிலை என்னத்தை எழுதிறது?"

"வழமையாச் சாப்பிடுறதை எழுதுங்கோ. அவையளிட்டைப் பேச்சு வாங்கேலாது."

நான் மாட்டேன் என்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கும் ஒரு பழைய வியாதி உண்டு: நம் ஆட்களை வெள்ளைக்காரர் குறைவாக நினைத்துவிடக் கூடாது. காலையில் புட்டு, மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, மீன்குழம்பு என்று எழுதினேன். அவள் சொல்லாத தயிரையும் என் பங்குக்குச் சேர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். மூன்று நாள் தாள் ஒன்றினால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு கிழமையில் பிள்ளை பிறந்துவிட்டது. எட்டு மாதமும் நிரம்பவில்லை. பெண். மதுஜா என்று பெயர் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாலும் நன்றாகத்தான் இருந்தாள், பால் குடித்தாள். பதினாறாம் நாள் வயிறு வீங்கியது. குடல் அழுகுகிறது என்றார்கள். அந்தச் சொல்லைத் தமிழில் நான்தான் அவளுக்குச் சொன்னேன். சூரிச்சுக்குக் கொண்டுபோய் வயிற்றை வெட்டிப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள் பிள்ளை இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் குகதாசன் சவப்பெட்டியைத் தனியாகத் தன் கைகளிலேயே தூக்கிக்கொண்டு நடந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தை மாதம் சிவகலா என்னைக் கூப்பிட்டாள். ஆய்வு டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

டாக்டர் இளம் பெண். எழுந்து நின்று இரண்டு கையாலும் சிவகலாவின் கையைப் பிடித்தார். சிவகலா உட்காரவில்லை.

"அந்தத் தாளிலை இருக்கிறது முழுக்கப் பொய் எண்டு சொல்லுங்கோ அக்கா. நான் விரதம். அதாலைதான் பிள்ளை குறைமாசத்திலை பிறந்ததோ, அதாலைதான் குடல் பழுதாப்போச்சோ எண்டு கேளுங்கோ."

சொன்னேன், தயிரையும் சேர்த்து. டாக்டரின் முகம் மாறியது. ஆனால் ஏசவில்லை. இந்த நோய் குறைமாதப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது என்றார். ஏன் முன்கூட்டிப் பிறந்தது என்பது பல நேரம் தெரியாமலே போகும். தாயின் சாப்பாடு குடலில் உள்ள உயிர்களை எவ்வளவு மாற்றும் என்பதைத்தான் இப்போது தேடுகிறோம், அதுவும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். ஒரு பிள்ளையை வைத்து, ஆறு நாளை வைத்து, ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

"நான் காரணமில்லை எண்டு சொல்லுறாவோ?"

"தெரியாதெண்டு சொல்லுறா."

பிறகு டாக்டர் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். தாள் பிழையென்று தெரிந்தபின் மதுஜாவை ஆய்வில் வைத்திருக்க முடியாது. அவளின் பதிவை நீக்க வேண்டும். அவளின் முதல் மலத்தை உறைபெட்டியில் எடுத்து வைத்திருக்கிற சின்னப் போத்தலையும் அழிக்க வேண்டும்.

"அதை எங்களிட்டைத் தருவினமோ?" என்றாள் சிவகலா. "அவளின்ரை உடம்பிலையிருந்து மிஞ்சினது அது ஒண்டுதான்."

கேட்டேன். விதி விடாது என்றார் டாக்டர். அவருக்கும் கண் கலங்கியது. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. சிவகலா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே நடைபாதையில் வந்து நின்றோம். எதிரே ஒரு பெண் தொட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது மறையும்வரை பார்த்துவிட்டுச் சிவகலா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்கள் எழுதினதுகளை நான் உண்மையாச் சாப்பிட்டிருந்தா, என்ரை பிள்ளை இருந்திருக்கும் என்ன?"

அன்று அந்தத் தாளில் அவ்வளவு சுலபமாக எழுதியவள் நான். அப்படியில்லை பிள்ளை, எதைச் சாப்பிட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். சிவகலா பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தனியாக நடந்து போனாள்.