பெரட்டுக்கு வராத நாள்

காலையில் கைபேசி கேட்டது: "இன்று வேலைக்கு வரவில்லை. காரணம்?" காய்ச்சல் என்பதை அமுக்கினேன். "நன்றி" என்று வந்தது. நன்றியாம்.

சின்ன வயதில் இதே தேயிலைத் தோட்டத்தில் பார்த்த பெரட்டு ஞாபகம் வந்தது. விடியும் முன் தொழிற்சாலை முன்னால் எல்லாரும் குளிரில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிடுவார். சுருட்டும் ஈரக் கம்பளியும் கலந்து நாறும். ஒருநாள் அம்மா போகவில்லை. பெரட்டு முடிந்ததும் கங்காணி செருப்போடு எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"என்னா லெச்சுமி, தொரசாணி மாதிரி படுத்துக் கெடக்க?"

அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்தினார். கங்காணி குனிந்து நெற்றியைத் தொட்டார். "அடக் கழுத, நெருப்பா கொதிக்குதே. சொல்லி அனுப்ப மாட்டியா?" திட்டிக்கொண்டே போய், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக லோரியைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அக்கா எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்.

அந்த ஆள் நல்லவர் இல்லை. குடிப்பார், கை நீட்டுவார். ஆனால் வந்தார்.

"மாறலன்னா கம்பெனி செத்துரும் லா" என்கிறார் இப்போதைய மேனேஜர். உண்மைதான். கொழுந்து வெட்ட மிஷின் வந்தது, பேர் கூப்பிடக் கைபேசி வந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றுலாக்காரர்கள் பார்க்கும் காட்சிசாலையாக்கி விட்டார்கள். கம்பெனி நன்றாகத்தான் இருக்கிறது. என்னோடு இருந்தவர்கள் மலையை விட்டு ஈப்போ பட்டணத்துக்கு இறங்கிப் போய்விட்டார்கள். லயத்தின் கடைசி வீட்டில் நான் மட்டும் கிடக்கிறேன்.

மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் ஐஸ்கிரீம்.

"அங்கிள், இதுவும் காட்சிக்குத்தானா?"

"இல்லம்மா" என்றேன். "இங்க ஆள் இருக்கு."