நான் எடுத்துக் கொடுக்காத கம்பு

முப்பத்தெட்டு வயதில் ஒருவன் சிலம்பம் பழகப் போவதற்கு வீரம் காரணமாக இருக்க முடியாது. எனக்குத் தொப்பை காரணம். எழுபதுகளின் தொடக்கம். இலங்கையில், இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். அங்கேதான் பழக்கம். வாத்தியார் என்னைவிட ஆறு வயது இளையவர். கம்பைவிட மரியாதையைத்தான் அதிகம் சொல்லிக் கொடுத்தார். செருப்போடு இறங்கக் கூடாது. கிடக்கிற கம்பைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் முந்திச் சேர்ந்தவனும் அண்ணன்தான். எதிராளியின் கம்பைத் தட்டி விழுத்தினால், விழுத்தியவனே குனிந்து மண்ணைத் தொட்டுச் சலாம் போட்டு, இரண்டு கையாலும் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. கொடுக்கும்வரை ஆட்டம் முடியாது.

என் ஜோடி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆனால் ஒரு மாதம் முந்திச் சேர்ந்தவர், ஆகவே எனக்கு அண்ணன். நான் "அண்ணே" என்று இழுத்துக் கூப்பிடும்போதெல்லாம் களம் சிரிக்கும், அவரும் சிரிப்பார். ஸ்டோரில் தேயிலை சலிக்கிற எனக்குத் தோட்டத்தில் கிடைத்த ஒரே பதவி கோமாளிப் பதவி. அதற்கு மட்டும் நான் லீவு போட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு என் கம்பு அவர் விரல்களில் விழுந்தது. குறி வைத்து அடித்ததல்ல; குறி வைத்திருந்தால் பட்டிருக்காது. அவர் கம்பு தெறித்துக் களத்தின் ஓரத்தில் போய்க் கிடந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொப்பையைத் தள்ளிக்கொண்டு, தோட்டத்துத் துரை வந்து நிற்பதுபோல நின்று, நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட் அடித்தேன். களம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் வீங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணேன்னு கூப்பிட வேணாங்க, நீங்க பெரியவங்க. சலாத்த மட்டும் ஒழுங்கா போட்டுக் கொடுத்துருங்க."

கொடுத்திருக்கலாம். சிரித்த கூட்டத்துக்கு முன்னால் குனிய வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முதுகுவலி என்றேன். அதற்கடுத்த ஞாயிறு மழை என்றேன், மழை பெய்யவில்லை. இரண்டு நாளும் அவர் வந்து வெறும் கையோடு நின்றுவிட்டுப் போனதாக வாத்தியார் சொன்னார். கம்பு அதே இடத்தில் பனியில் நனைந்துகொண்டு கிடந்தது.

அப்போதுதான், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி, அவர் குடும்பத்துக்கு இந்தியா போகும் பேப்பர் வந்தது. அவர் பிறந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் அவர் வாசல்வரை போனேன். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் கம்பை மேலும் கீழும் பார்த்தார்.

"யானை வெரட்டவா போறீங்க? லக்கல காட்டுக்குப் போற பஸ் அந்தப் பக்கம்."

ரயில் ஸ்டேஷனில் தோட்டமே நின்று அழுதது. அவர் ஜன்னலோரம், மடியில் சின்ன மகள். விரல் ஒன்று கோணலாகவே ஆறியிருந்தது. நான் கம்பைக் கீழே வைத்தேன். குனிந்து சிமெந்துத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் செய்ததில்லை.

பின்னால் ஒருவர் சொன்னார்: "பாருங்க, போற நேரத்துலயும் இந்த மனுசன் கூத்த விடல."

அழுதுகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் என் உடம்பு, என்னைக் கேட்காமலே, பழகியதைச் செய்தது. தொப்பை முன்னால் வந்தது. கை நெற்றிக்குப் போனது.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தக் கோணல் விரலோடு ஜன்னல் பலகையை இறக்கினார். ரயில் நகர்ந்தபோது கம்பு தரையில்தான் கிடந்தது. ஓடிப்போய் நீட்டியிருக்கலாம். எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர்.

"என்னங்க, யானையக் காணலியா?"

கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.