கவ்வாத்துக் கத்தி தோய்த்த மோர்

கண்டி ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிவந்தபோது வலது கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது. நான் ஹந்தானைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்ததுதான் தொடக்கம். இன்றுபோல் கிருமியைக் கொல்லும் ஊசி அந்த 1930களில் கிடையாது. சீழ் மேலே ஏறினால் காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

கொக்கிப்புழுவால் வந்த சோகை (இரத்தம் குறைந்து உடல் வெளிறுவது) எனக்கு ஏற்கெனவே உண்டு. அதற்காகக் குடித்துவந்த இரும்பு டொனிக்கை, நான் வந்துசேர்ந்த உடனேயே டொக்டர் நிறுத்தினார். என் மனைவி காமாட்சிக்குக் கோபம். வெளிறிக் கிடப்பவனுக்கு இரும்பை நிறுத்துவார்களா? தோட்டத்து ஆட்கள் என்றால் இளக்காரம் என்று முடிவு கட்டினாள்.

சோகைக்கு எங்கள் வழி ஒன்று உண்டு. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பழுக்கக் காய்ச்சி மோரில் தோய்ப்போம். அந்த மோரைச் செம்பில் கொண்டுவந்து தினமும் கொடுத்தாள். நானும் குடித்தேன். காய்ச்சல் ஏறியது.

டொனிக்கை நிறுத்திய பிறகும் என் மலம் இரும்பு குடிப்பவருக்குப் போவதுபோல் கறுப்பாகவே போவதை டொக்டர் கவனித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர்.

"இரும்பு எங்கையோ இருந்து வருது. என்ன குடுக்கிறீங்கள், அம்மா?"

காமாட்சி ஒளிக்கவில்லை. "கத்தி தோச்ச மோருங்க. இவரு ரத்தமே இல்லாம கெடக்காரு, நீங்க மருந்த நிறுத்திப்புட்டீங்க."

அவர் கடிந்துகொள்ளவில்லை. அவளை அழைத்துப்போய் என் சீழை நுணுக்குக்காட்டியில் (மிகச் சிறியதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) காட்டினார்.

"உருண்டைக்குள்ள குட்டிப் புள்ளியா கெடக்கு" என்றாளாம்.

"ஓம். உருண்டை, இரத்தத்தில இருக்கிற வெள்ளையணு. புள்ளி, அது விழுங்கின கிருமி. விழுங்கிறது ஒரு வேலை, கொல்லுறது இன்னொரு வேலை. இரும்பு கூடினா விழுங்கின கிருமி சாகாமல் உள்ளுக்கை பெருகுது எண்டு நினைக்கிறன். புத்தகங்கள் முடிவாச் சொல்லேல்லை. நான் கண்டது இதுதான். புண் ஆறட்டும், பிறகு நானே இரும்பு தாறன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரை அன்றே நம்பினோம். அவரைவிட அந்த வெள்ளையணுக்கள்தாம் என்னை வாய்பிளக்க வைத்தன. நான் தூங்கும்போதும் எனக்காக விழுங்கி, எனக்காகச் செத்து, சீழாக வெளியே வந்தவை அவை. புண்ணில் கட்டிய துணியை மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவன், பிறகு நன்றியோடு பார்த்தேன்.

மோர் நின்றது. காய்ச்சல் மெல்லத் தணிந்தது. இதைப் படிக்கும் உங்களில் யாராவது என்னைப்போல் வெளிறிப் படுத்திருக்கலாம். அவசரப்படாதீர்கள். உடம்பு தன் வேலைகளைத் தன் வரிசையில்தான் செய்கிறது. நம் அவசரம் அதற்குத் தெரியாது.

ஒரு காலையில், வார்டுக்கு வெளியே நீண்டு கிடந்த விறாந்தையில் நடக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போய் வந்தது.

"வலிக்குதாங்க?" என்றாள் காமாட்சி.

"வலிக்குது."

"வலிக்கட்டும். கால் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.