ஈரலுக்குப் போட்ட ஊசி

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம்; "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லியே சம்பளம் வாங்கிய சகோதரிகளே, உங்களுக்குப் புரியும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், வேலூரில் ஒரு மருத்துவமனையில், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி பிடித்தவர்களுக்கு வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி போடுவது என் வேலை. கூடவே தினமும் மாத்திரை. நாற்பத்தெட்டு வாரம்.

லேசா

அன்வர் பாய்க்கு வாணியம்பாடியில் தோல் வியாபாரம். முதல் ஊசி போட்டு, "லேசா காய்ச்சல் வரும் பாய், பயப்படாதீங்க" என்று அனுப்பினேன். சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, வீட்டிலிருந்த மூன்று கம்பளியும் பத்தவில்லையாம். அடுத்த வாரம் வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"இதான் லேசுன்னா, ஜாஸ்தி எப்படி இருக்கும் சிஸ்டர்?"

நாலு படி

மேரி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாள். ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத்தான் கிருமி தெரிந்தது. மாத்திரை அவள் ரத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனது. மூன்றாம் மாதம் நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. லீவு போட்டுப் போட்டு வேலையும் போயிற்று. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். நான் ஆறுதல் சொல்லப் போனேன்.

"வியாதி இருந்தப்போ வேலைக்குப் போய்ட்டு இருந்தேன் சிஸ்டர். வைத்தியம்தான் என்னைப் படுக்க வெச்சிருக்கு."

கேட்காத கேள்வி

சேகர் குடியாத்தம் பக்கத்து விவசாயி. அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன். ஐந்தாம் மாதம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை எறிந்திருக்கிறார். பிறகு பேச்சே நின்றுவிட்டதாம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என்னிடம் அவர் சொன்னது "தூக்கமே வரல சிஸ்டர்" என்பது மட்டும். "இந்த ஊசின்னா அப்படித்தான்" என்று எடை பார்த்து, ரத்தம் எடுத்து, ஊசியையும் போட்டு அனுப்பினேன். இந்த மருந்து மனசையும் கெடுக்கும் என்று பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருந்தது. படித்தவள்தான் நான்.

அடுத்த வாரம் அவர் மனைவி லதா மட்டும் வந்தாள். கிணற்றில் குதித்தவரைப் பக்கத்து வயல்காரர்கள் தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். டாக்டர் அன்றோடு ஊசியை நிறுத்தினார். சில மாதங்களில் சேகர் திரும்ப மனுஷனானார். கிருமியும் திரும்ப வந்தது. ஆனால் தனியாக வந்த அன்று லதா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"வாரா வாரம் ஈரலைப் பத்திக் கேட்டீங்க. அந்த ஆளைப் பத்தி ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அதற்கப்புறம் நாங்கள் வாரா வாரம் நிரப்பும் சிகிச்சை அட்டையில் 'மனநிலை' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார்கள். நோயாளி முகத்தைப் பார்க்காமலே அதில் 'நார்மல்' என்று எழுத எங்களுக்கு ஒரே மாதத்தில் பழகிவிட்டது.