தேயிலைப் படத்தின் முன்னால் நான் பேசியது

கல்லூரிப் படிப்புக்காகப் பாலக்காட்டு ஓவியக்கூடம் ஒன்றில் எனக்கு இரண்டு மாதப் பயிற்சி. வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டுவதுதான் வேலை. கடைசி நாளில் ஒரு வகுப்பை நான் தனியாக அழைத்துப் போக வேண்டும். பொறுப்பாளர் நோட்டும் கையுமாகப் பின்னாலேயே வந்து பார்ப்பார். அவர் கல்பாத்திக்காரர், நறுக்கென்று பேசுபவர்.

"நீ கொஞ்சமாப் பேசணும், கொழந்தைகள் நெறையப் பேசணும். இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேன், கேட்டுக்கோ."

கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஆனாலும் எனக்குப் பயமில்லை. நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும்.

வேலந்தாவளத்திலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். முதல் படத்தில் ஒரு விவசாயி காளையின் முதுகில் கை வைத்து நிற்கிறார். 'உழவனின் பாசம்' என்று பக்கத்தில் குறிப்பு ஒட்டியிருந்தது. நான் சின்னக்கானல் எஸ்டேட்டில் வளர்ந்தவள், மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன்.

"ஏனுங்க அக்கா, பாசமெல்லாம் இல்லீங்க. அந்தாளு சுழிய மறைக்கறாருங்க" என்றாள் ஒரு சிறுமி.

மாட்டுச்சந்தை ஊர்ப் பிள்ளைகள் அல்லவா! முதுகில் மயிர் சுழித்திருக்கும் இடம் சரியில்லை என்றால் அந்த மாட்டை யாரும் வாங்க மாட்டார்களாம். "இல்லீங்க, தட்டிக் குடுக்கறாருங்க" என்று ஒருவன் சண்டைக்கு வந்தான். கால் மணி நேரம் ஒரே கூச்சல். பொறுப்பாளர் குறிப்பை ஒரு தரம், படத்தை ஒரு தரம் பார்த்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதிக் கையெழுத்து விழுந்த மாதிரிதான்.

அடுத்த படம் சுவரளவு தேயிலைத் தோட்டம். பச்சை மேட்டில் கொழுந்து எடுக்கும் பெண்கள். என் ஊர், என் படம்! பிள்ளைகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. செடியைக் கவ்வாத்து வெட்டுவது, காலில் ஏறும் அட்டை, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு யானை வந்த நாள் என்று அவிழ்த்துவிட்டேன். "எங்கம்மாவும் இப்படித்தான் கொழுந்து எடுக்காங்க" என்று பெருமையடித்தேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பொறுப்பாளர் நோட்டை மூடினார். அதைப் பார்த்த பிறகும் என் வாய் நிற்கவில்லை.

அதே சிறுமி கையைத் தூக்கினாள். "இதுல உங்கம்மா மாதிரி இருக்கறது யாருங்க அக்கா?"

காட்டக் கையை நீட்டினேன். பதினோரு பெண்கள். எல்லாரும் குனிந்திருந்தார்கள், ஒருத்திக்கும் முகம் வரைந்திருக்கவில்லை. இரண்டு மாதமாக நான் தினமும் தாண்டிப் போன படம் அது. வெட்கமாக இருந்தது.

"தெரியலம்மா" என்றேன். படத்தை விட்டு ஒதுங்கி நின்றேன்.

பிள்ளைகள் படத்தை நெருங்கினார்கள். "வரஞ்சவருக்கு மூஞ்சி வரைய வராதுங்களாட்ட இருக்குது" என்றான் ஒருவன். "இல்லடா, செடியத்தான் பாத்திருக்காரு, ஆள ஆரு பாத்தா?" என்றாள் சிறுமி. மறுபடி கூச்சல். நான் குறுக்கிடவில்லை. பொறுப்பாளர் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

கையெழுத்து வாங்கிய கையோடு அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"அந்தப் படத்துல எங்களயெல்லாம் நல்லா வரஞ்சிருக்காகளாடி?" என்று கேட்டாள்.

"பச்சைய நல்லா வரஞ்சிருக்காகம்மா" என்றேன்.