செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர்

மேடைக்குக் கீழே, முதல் வரிசைக்கும் முன்னால், தனியாக ஒரு சிவப்பு நாற்காலி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் சவுண்டு சர்வீஸ் கடையின் பெயர் அதன் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். டாக்டரம்மாவின் பயிற்சி வகுப்புக்கு நான் முதன்முதலில் சாமான் இறக்கிய வருஷம், எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு முடித்த பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, "இங்க தனியா ஒண்ணு போடுங்க. யாரும் உட்கார வேண்டாம்" என்றார். யாரோ பெரிய மனிதர் தாமதமாக வருவார் போலிருக்கிறது என்று நினைத்து, கீறல் இல்லாததாகப் பார்த்துத் துடைத்துப் போட்டேன். சாயங்காலம் சாமான் எடுக்க வந்தபோது, அதில் யாரும் உட்காரவில்லை என்றார்கள். அடுத்த வருஷமும் போட்டேன், எடுத்து அடுக்கினேன். அது எனக்காகப் போடப்பட்ட நாற்காலி என்பது மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மோகனூரில் கரும்பு வெட்டினேன், குமாரபாளையத்தில் தறி ஓட்டினேன், கேரளாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், நடுவில் ஒன்றரை வருஷம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் போர் போடப் போனேன். எந்த ஊரிலும் என் கால் நிற்காது. இப்போது நாமக்கல்லில் இந்தக் கடையில் இருக்கிறேன். டாக்டரம்மாவின் வகுப்பு வருஷத்துக்கு ஒருமுறை, ராசிபுரம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும். மனநல வேலை பார்க்கும் ஆலோசகர்கள், நர்சுகள், கிராமத்து ஆஸ்பத்திரி டாக்டர்கள் எல்லாம் வருவார்கள். படித்து முடித்து, சம்பளமும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மறுபடியும் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிதான் நடந்துகொள்வார்கள். "ஏனுங்க, மத்தியான அட்டெண்டன்ஸ் கையெழுத்து எப்பங்க?" என்று டீ குடிக்கும்போது ஒரு நர்சம்மா கேட்டார். "சாப்பாட்டுக்கு அப்புறமாமா" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அப்ப வெண்ணந்தூர் பஸ்சு போயிருமே." "போனாப் போகுதுங்க. உங்க ஊட்டுல இன்னிக்கு அவரு சோறாக்கட்டும்." சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் இரண்டு வருஷமும் நாற்காலியைப் போட்டதும் அடுத்த மண்டபத்துக்கு ஓடிவிட்டேன். அந்த மூன்றாவது வருஷம் மைக் பார்ப்பவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால், முதலாளி என்னை மைக் பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தார். மைக் கீச்சிட்டால் குமிழைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. பேசுவதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

டாக்டரம்மா சிவப்பு நாற்காலியைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். "இது என்னுடைய நோயாளி ஒருவருடைய நாற்காலி. நான் சேலத்தில் படித்துக்கொண்டே வேலை பார்த்தபோது வந்தவர். ரிக் வண்டியில் கூலி. எட்டாவது வரை படித்தவர். எஞ்சினை நிறுத்திய பிறகும் காதுக்குள் எஞ்சின் ஓடுகிறது என்று சொன்னார்." அந்த வாக்கியத்தை நான் இந்த உலகத்தில் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். "நான்கு செவ்வாய்க்கிழமை வந்தார். தூக்கம் கேட்டேன், பசி கேட்டேன், வேலை கேட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பை நானே அவர் மனசில் போட்டுவிடுவேனோ என்று பயம். அப்படி ஆகாது, கேட்பதுதான் காப்பாற்றும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் கேட்கவில்லை. ஐந்தாவது செவ்வாய் அவர் வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்துச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். ரிக் ஷெட் மேனேஜர் எடுத்தார். பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வருவாரே, அவர்தான் என்றேன். அவர் போன வாரம் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார், வண்டிச் சாவியைத் துணியில் சுற்றி ஷெட் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார் என்று சொன்னார்."

மைக் கிறீச்சென்று கத்தியது. என் கை குமிழை எந்தப் பக்கம் திருப்பியதோ தெரியவில்லை. மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. டாக்டரம்மாவும் பார்த்தார், சத்தம் அடங்கியதும் மறுபடி பேசப் போய்விட்டார். உயிரோடு உட்கார்ந்துகொண்டு, நான் செத்த கதையை நானே ஒலிபெருக்கியில் ஊருக்குக் கேட்க வைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரவேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்குள் இன்னொன்று உறைத்துவிட்டது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எந்தக் காலத்திலும் என்னிடம் ஒரு சாவியும் இருந்ததில்லை.

சாவி டிரைவர் அண்ணனுடையது.

துளை போடும் ராடுகள் ஏற்றிய லாரியை ஓட்டியவர் அவர். அந்த வருஷம் சத்தீஸ்கரில் மூன்று மாசம் தொடர்ந்து போர் போட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆட்களோடு பேச்சு நின்றுபோனது. செத்துவிடலாம் என்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மழை பிடித்ததும் வண்டிகள் திருச்செங்கோட்டுக்குத் திரும்பி, ரிப்பேர் வேலைக்காக ஷெட்டில் நின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டிரைவர் அண்ணன் என்னைச் சட்டை மாற்றச் சொன்னார். "வா சாமி, சேலத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்." மனநோய் ஆஸ்பத்திரி என்று தெரிந்தால் மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அதனால் அவரிடம், "எனக்குத்தானுங்க முடியல. தலையெல்லாம் ஒரு மாதிரியா இருக்குது. துணைக்கு இவனக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லி லீவு வாங்கினார். எனக்காக அவர் சொன்ன பொய் அது. நான்கு செவ்வாயும் அதையேதான் சொன்னார். ஆஸ்பத்திரிச் சீட்டில் போன் நம்பர் கேட்டபோது, என்னிடம் போன் இல்லாததால் ஷெட் நம்பரைக் கொடுத்தவரும் அவர்தான்.

திரும்பி வரும்போது ஆட்டையாம்பட்டியில் இறங்கி முறுக்கு வாங்குவார். என்னைத் தின்ன வைத்துவிட்டு, தான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பார். பஸ் திருச்செங்கோட்டில் நிற்கும்போதும் அது கையிலேயே இருக்கும். "உள்ளுக்குள்ள இருக்கறதச் சொல்லீரு சாமி. சொல்லாத வச்சிருந்தீன்னா அது தின்னுபோடும்" என்பார். ஒருமுறை, "அந்த மாத்திரையில எனக்கொண்ணு குடு, எனக்குந் தூக்கம் வருதான்னு பாக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். "உனக்கெதுக்குண்ணா, நீ எருமை மாதிரி இருக்கற" என்றேன். அவரும் சிரித்தார்.

நான்கு வாரத்தில் கொஞ்சம் தேறினேன். தேறியதும் பழைய புத்தி வந்துவிட்டது. ஐந்தாவது செவ்வாய்க்கு முதல் நாள் யாரிடமும் சொல்லாமல் குமாரபாளையத்துக்குத் தறி வேலைக்குப் போனேன், அங்கிருந்து கேரளா. ஒரு வருஷம் கழித்துத் திருச்செங்கோடு வந்தபோது, டிரைவர் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார்கள். வருத்தப்பட்டேன். ஒரு டீ குடித்தேன். அடுத்த வேலைக்குப் போனேன். அத்தனை வருஷமாக என் மனசில் அவர் நெஞ்சுவலியில் செத்தவர்தான்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பந்திக்குப் போனதும் டாக்டரம்மா மேடைப் படியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"டாக்டரம்மா, அந்தச் செத்துப்போன ஆளு நானுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். குடித்திருக்கிறேனா என்று பார்த்த பார்வை. "புரியலைங்க" என்றார்.

"உங்க மேசையில பேனாவ நூல்ல கட்டி வச்சிருந்தீங்க. பச்சை நூலுங்க. நாலு வாரமும் நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதான் உங்க மொகம் எனக்கு நெனப்பில்ல. காதுக்குள்ள எஞ்சின் ஓடுதுன்னு சொன்னது நாந்தானுங்க." என் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த தாள்கள் படியில் சரிந்தன. அவர் அவற்றை எடுக்கவில்லை. என் மணிக்கட்டை எட்டிப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப உங்களுக்குச் சாகணும்னு தோணுச்சா?" என்று கேட்டார்.

"தோணுச்சுங்க."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது மீதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவரே கேட்டுவிட்டார். "அப்படின்னா சாவியை வச்சிட்டுப் போனது யாரு?"

"கூட வந்தவருங்க. டிரைவர் அண்ணன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "கதவோரம் நிப்பாரே, கையில தண்ணி பாட்டிலோட" என்றார் மெதுவாக. "அந்த எஞ்சின் பேச்சைத் தவிர நீங்க வாயே திறக்கமாட்டீங்க. அவர்தான் எல்லாத்துக்கும் பதில் சொன்னார். நான் எழுதிக்கிட்டு, அவரை வெளியே இருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்." மேனேஜரிடம் அவர் என்ன சொல்லி லீவு வாங்கினார் என்பதையும், மாத்திரை கேட்டதையும் நான் சொன்னேன். டாக்டரம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு ஞாபகம் இருக்கு, அப்படியே எழுதினேன்" என்றார். "'பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காருவானுங்க. ரெண்டு மணிக்கு வெளிய போயி நிப்பானுங்க. நாலு மணிக்குத்தான் வந்து படுப்பானுங்க.' மணி மணியாச் சொன்னார். நோயாளியை இவ்வளவு நல்லாக் கவனிக்கிற ஆள் கிடைச்சாரேன்னு சந்தோஷப்பட்டேன்." நிறுத்தி, என்னைப் பார்த்தார். "ராத்திரி பூரா நீங்க முழிச்சிருந்தது அவருக்கு எப்படிங்க தெரியும்?"

கீழே பந்தியில் யாரோ ரசம் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூங்குகிறவர்களுக்கு நடுவில் நான் எழுந்து போய் நின்ற ஒவ்வொரு ராத்திரியும், லாரிக் கேபினில் ஒரு ஆள் கண்ணைத் திறந்து வைத்து மணி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மேனேஜரிடம் அவர் சொன்னது பொய்யே இல்லை. நான்கு செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரி வாசற்படியை ஏறியவர்கள் இரண்டு நோயாளிகள். சீட்டு ஒருவனுக்குத்தான் போட்டார்கள்.

மத்தியானக் கையெழுத்து முடிந்ததும் டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். காலையில் நான் சொன்னதில் ஒரு தவறு இருக்கிறது, இத்தனை வருஷமாக அதே தவறைத்தான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. நோயாளி பிழைத்துவிட்டார், அவரை அழைத்து வந்தவர் இறந்துவிட்டார் என்று தொடங்கி, கதவோரம், தண்ணி பாட்டில், மணிக்கணக்கு எல்லாவற்றையும் சொன்னார். தன்னைக் காப்பாற்றும் ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. பஸ்ஸுக்கு அவசரப்பட்ட நர்சம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு கையை உயர்த்தி, "எங்க ஆஸ்பத்திரியில ஒரு அம்மா வாரா வாரம் மகனைக் கூட்டிக்கிட்டு வருதுங்க. அந்தம்மா எப்படி இருக்குதுன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லீங்க" என்றார். பக்கத்து ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள் என்று டாக்டரம்மா சொல்லும் பயிற்சியை எப்போதும் இரண்டிரண்டு பேராகச் செய்வார்கள். அன்று மூன்று மூன்று பேராகச் செய்யச் சொன்னார்; மூன்றாவது ஆள், நோயாளியோடு கூட வந்தவர்.

பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு நாற்காலி வேணுங்க" என்றார்.

கொண்டுபோனேன். எங்கே போடுவது என்று அவர் சொல்லவில்லை. என் கால் தானாகவே மண்டபத்து வாசலுக்குப் போனது. கதவோரமாக, முதல் நாற்காலியிலிருந்து தள்ளி, டிரைவர் அண்ணன் நிற்கும் இடத்தில் போட்டேன். டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். அதைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய், சிவப்பு நாற்காலிக்குப் பக்கத்தில், கை கையோடு இடிக்கும்படி போட்டார்.

இந்த வருஷமும் வகுப்பு நடந்தது. டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டேன். இரண்டையும் துடைத்தேன், டிரைவர் அண்ணன் நாற்காலியை இரண்டு தடவை.